பழனி மலைப்பாதையும் அம்மா தங்கிவிட்ட எழுபத்து மூன்று நாட்களும்

இந்தத் தளத்தில் நான் எழுதும் பயணக் குறிப்புகளைப் படிக்கும் ஒரு தம்பதி போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையில் நடக்கவும் ஆசிரமம் ஒன்றில் தங்கவும் ஆசையாம். சரிப்பட்டு வருமா என்று கேட்டிருந்தார்கள். நான் அப்படிப் போனவள்தான். ஆனால் போனது 1961இல், பதினான்கு வயதில். அதனால் இந்தப் பதிவில் பஸ் நேரமும் ஹோட்டல் பெயரும் தேடாதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா மதுரையில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்ததற்காக, அரைச் சம்பளத்தில் ஒரு வருஷ விடுப்பு கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்த வருஷத்தில் புத்தகம் எழுதுவார்கள், இல்லையென்றால் வீடு கட்டுவார்கள். அப்பாவுக்கு வேறு கனவு. கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் பை மாட்டிக்கொண்டு மலைமலையாக நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, தானும் அப்படி நடக்க வேண்டும், நடந்துபோய் எங்காவது ஓரிடத்தில் மௌனமாக உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் பழனி மலை, பிறகு காசி, அதன்பின் இமயமலை என்பது அவர் போட்ட திட்டம்.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை. அம்மாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு சேர்த்து எங்கள் வீட்டில் பதினோரு பேர். காலை நாலரை மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பதில் தொடங்கினால், அம்மா உட்காருவதைப் பார்க்க முடியாது. "பிள்ளைகளுக்குக் குளிர் ஒத்துக்குமாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒத்துக்கொள்ளும் என்றார் அப்பா. அவ்வளவுதான்.

ராணுவத்தில் கழித்துப் போட்ட கித்தான் பைகள் மூன்றை, பழைய சாமான் கடையில் ஒன்று நாலே கால் ரூபாய்க்கு அப்பா வாங்கி வந்தார். என் தங்கை சாந்தாவுக்கு எட்டு வயது. அவளுக்குப் பை கிடையாது. அம்மாவுக்கும் எங்களுக்கும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அம்மா அதற்குமுன் செருப்பைத் தவிர எதையும் காலில் போட்டதில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, ஷூவோடு கூடத்தில் நாலு தப்படி நடந்து பார்த்தபோது பெரியம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மாவும் சிரித்தாள்.

ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை மதுரையில் ரயில் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, பிற்பகல் மூன்றரைக்குப் பழனி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மலையேறிச் சாமி கும்பிட்டோம். மேலே பிராகாரத்தில் நின்றால் தெற்கே பெரிய மலை சுவர்போல எழுந்து நிற்கும். அதன் உச்சியில் மேகம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது. "அதுக்குள்ளயா போகப் போறோம்?" என்று அம்மா கேட்டாள். அப்பா "ஆமா" என்றார். பிரசாதத்தை இலையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காலத்தில் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய மலைவாழை மட்டக்குதிரைகளில்தான் கீழே இறங்கும். குதிரைகள் திரும்பி ஏறும்போது உப்பு, அரிசி, மண்ணெண்ணெய் ஏற்றிப் போகும். கடைவீதியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தரிடம் அப்பா பேசி, அப்படித் திரும்புகிற குதிரைகளோடு நாங்களும் ஏற ஏற்பாடு செய்தார். பைகளுக்கும் வழித்துணைக்குமாகச் சேர்த்து எட்டு ரூபாய். "கோடையில எதுனாலும் என் தங்கச்சி பாத்திமா வீட்டுக்குப் போங்க, பஜார்லதான் இருக்கு" என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். மேலே உள்ளவர்களுக்குக் கொடைக்கானல் அன்றைக்கும் வெறும் 'கோடை'தான்.

குதிரைக்காரர் பெயர் சின்னையா. மலைமேல் இருக்கும் பேத்துப்பாறைக்காரர். "வெள்ளனே கெளம்பிரணும் சார். வெயில் ஏறிருச்சுன்னா அடிவாரத்துலயே நாக்கு வறண்டு போகும்" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு மாட்டுவண்டியில் புறப்பட்டு, பாலசமுத்திரம் தாண்டி இறங்கிக்கொண்டோம். அங்கிருந்து பேத்துப்பாறை வரைக்கும் அப்பாவின் கணக்கில் பதினோரு மைல், முழுக்க ஏற்றம்.

முதல் இரண்டு மணி நேரம் முள்ளும் புளியமரமும் சூடான பாறையும்தான். அப்பா வேகமாகத் தொடங்கினார். ஒன்பது மணிக்கெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் கம்பு ஒடித்துக்கொண்டார், பிறகு பையைக் குதிரைமேல் போட்டார், பிறகு பேச்சையும் நிறுத்தினார். அம்மா எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பையை இறக்கவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்ப்பாள். நாங்கள் கண்ணில் பட்டதும் மறுபடி நடப்பாள். சின்னையா, "ஏலே கருப்பா, வெரசா நடலே! அந்த அம்மாவப் பாத்துப் படி" என்று குதிரையை அதட்டினார்.

நண்பகலுக்குப் பிறகு காற்று மாறியது. வாழையும் காப்பிச் செடியும் வந்தன. அப்புறம் பழனியில் நாங்கள் கீழேயிருந்து பார்த்த மேகம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, நாங்கள்தான் அதற்குள் நுழைந்தோம். முதலில் குதிரைகளின் கழுத்துமணி மட்டும் கேட்டது, குதிரைகளைக் காணோம். பிறகு சாந்தாவின் சிவப்பு ரிப்பன் மட்டும் தெரிந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து, யாரென்று பார்த்துவிட்டுப் போவதுபோல விலகின. முகமெல்லாம் நீர்ப்பூச்சு. எங்கோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வலது பக்கமே கூட வந்தது. அம்மா ஒரு பாறைமேல் நின்று, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மேகத்துக்கு ருசி இருக்குடி" என்றாள். இன்றைக்கும் யாராவது மலையைப் பற்றிப் பேசினால் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

அன்று சின்னையா வீட்டில் தங்கினோம். சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மறுநாள் வில்பட்டி வழியாக ஒன்பது மைல் நடந்து, பிற்பகல் இரண்டு மணிக்குக் கொடைக்கானல். ஒருநாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை பூம்பாறை போகும் வழியில் மறுபடி ஒன்பது மைல் நடந்து நாங்கள் தேடிவந்த ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அட்டைகளைப் பற்றித் தனியாக எழுதப் போவதில்லை. எங்கள் நாலு பேர் கால்களிலிருந்தும் மொத்தம் முப்பத்தொன்று பிடுங்கினோம் என்று சாந்தா எண்ணிச் சொன்னாள்.

அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. இன்று அது இல்லை. சோலைக்காட்டின் விளிம்பில் தகரக்கூரை போட்ட மூன்று கட்டடங்கள், ஒரு பிரார்த்தனைக் கூடம், சரிவில் உருளைக்கிழங்குத் தோட்டம். நிர்வாகம் பார்த்தவர் பங்கஜம் அம்மாள். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். விதிகள் எளிமையானவை. காலை ஐந்து மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரை யாரும் பேசக்கூடாது. தியானம் போக மிச்ச நேரம் தோட்டவேலை. சமையலுக்கு ஆள் உண்டு. தங்க வந்தவர்கள் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு அறை, பிள்ளைகளுக்குப் பொது அறை. எங்கள் குடும்பத்துக்கு இருபத்தொரு நாள் அனுமதி.

அம்மாவுடைய அறையைப் பார்க்க நானும் போனேன். ஒரு பலகைக் கட்டில், ஒரு முக்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளைதான். அம்மா கதவை மூடி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். "இது எனக்கு மட்டுமா?" என்று பங்கஜம் அம்மாளிடம் கேட்டாள். "உங்களுக்கு மட்டும்தான்" என்றார் அவர்.

அப்பா பாவம். இத்தனை வருஷம் கனவு கண்ட மௌனம் அவருக்குப் பிடிபடவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். குறட்டை கூடம் முழுக்கக் கேட்கும். மூன்றாம் நாளே பேசக்கூடாத நேரத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதி எழுதி எல்லோரிடமும் நீட்ட ஆரம்பித்துவிட்டார். 'இன்று வெப்பநிலை எவ்வளவு இருக்கும்?' என்று ஒன்று எனக்கும் வந்தது. அம்மா கூடத்தின் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மணி அடித்து எல்லோரும் எழுந்துபோன பிறகும் அப்படியே இருப்பாள். ஒருநாள் நான் கிட்டப் போய் நின்று பார்த்தேன். முகத்தில் ஒரு வேலையும் இல்லாத அம்மாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. யாரோ தெரியாத பெண்ணின் முகம்போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இருபத்தொரு நாள் முடிந்தது. புறப்படுகிறவர்களுக்கு அன்று மௌன விதி கிடையாது. காலையில் பைகளைக் கட்டி முற்றத்தில் வைத்தோம். மூன்றில் இரண்டுதான் இருந்தன. அம்மா பச்சைப் புடவையில், வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கமலா, பையைக் கட்டலையா?" என்றார் அப்பா.

"நான் வரலைங்க."

"வரலைன்னா?"

"இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கேன். பங்கஜத்தம்மாகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

"எத்தனை நாள்?"

"தெரியலைங்க."

அப்பாவின் முகம் சிவந்தது. காசிக்குப் போவது, மதுரையில் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, பெண்பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?" என்றார்.

"அய்யய்யோ, இல்லைங்க." அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "பதினாறு வயசுல கல்யாணமாகி வந்தேன். பொறந்த எடத்துல ஒரு வீடு நெறைய ஆளு, வந்த எடத்துல ஒரு வீடு நெறைய ஆளு. தனியா இருந்தா நான் எப்படி இருப்பேன்னே எனக்குத் தெரியாதுங்க. இப்பத்தான் லேசாத் தெரியுது. பாதியில எந்திரிச்சு வரச் சொல்லாதீங்க."

சாந்தா ஓவென்று அழுதுகொண்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் அழுதாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் அழவில்லை. "அப்ப நாங்க வேண்டாம் உனக்கு, அதான?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்துவிட்டேன். "வள்ளி, நில்லுடி" என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. ஒன்பது மைலும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேன்.

அப்பா நேராக மதுரைக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அவர் கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு கல்லின்மேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பஜாருக்குப் போய், ராவுத்தர் கொடுத்த கடிதத்தைப் பாத்திமா அக்காவிடம் நீட்டினார். அவர் வைத்திருந்த கடைக்குப் பின்னால் ஒற்றை அறையும் சின்னச் சமையல்கட்டும் காலியாக இருந்தன. மாதம் பதினெட்டு ரூபாய். அன்று மாலையே பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினார். நான் எட்டிப் படித்தேன். 'கமலா இங்கே தங்க விரும்புகிறாள். அதனால் நாங்களும் தங்குகிறோம்' என்று இரண்டே வரிதான். உடம்பு சரியில்லை, மலைக்காற்று தேவைப்படுகிறது என்று எழுதியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அப்பா அப்படி எழுதவில்லை. எழுதாததற்குப் பெரியப்பா எட்டு மாதம் அவரோடு பேசவில்லை.

அப்பா சமைக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். "அண்ணே, சோறு குழைஞ்சு கெடக்கு, குழந்தைக எப்படித் திங்கும்? தள்ளுங்க" என்று பாத்திமா அக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். ஆனால் சமைத்துத் தரமாட்டார். நின்று சொல்லித்தான் கொடுப்பார். மூன்றாவது வாரத்தில் அப்பா வைத்த பருப்பு பருப்பாகவே இருந்தது. பகலில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். மாலையில் மூன்று பேரும் நடப்போம். மேகம் விலகுகிற நாட்களில் வடக்கு விளிம்பில் போய் நின்றால், வெகு கீழே பழனிக் கோயில் ஒரு வெல்லக்கட்டி அளவுக்குத் தெரியும்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம். அப்பாவும் சாந்தாவும் போவார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். அம்மா எனக்கென்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொடுத்தனுப்புவாள், ஒரு பைன் காய், ஒரு பறவை இறகு. நான் தொடமாட்டேன். ஆகஸ்ட் கடைசியில் சாந்தாவுக்குச் சளி பிடித்ததால் அவளைப் பாத்திமா அக்காவிடம் விட்டுவிட்டு, "நீ வா, வழித்துணைக்கு" என்று அப்பா கூப்பிட்டார். அப்பாவைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. போனேன்.

நாங்கள் போனபோது மணி பதினொன்று, பேசக்கூடாத நேரம். தோட்டத்துச் சரிவில் மேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு தடவை மேகம் விலகியபோது அம்மா தெரிந்தாள். மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். கையில் வந்த ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன வடிவமோ, அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. யாருக்காகவும் இல்லை. மறுபடி மேகம் மூடிக்கொண்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "கூப்பிட வேண்டாம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். அப்படியே திரும்பிவிட்டோம். வழியில், "பதினேழு வருஷம் ஆகப்போகுது. உங்கம்மா தனியாச் சிரிச்சு நான் பார்த்ததில்லை" என்று அப்பா சொன்னார். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள், பிற்பகல் நாலு மணி இருக்கும். அப்பா கடைக்குப் போயிருந்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து சாந்தாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பஜார் முழுக்க மேகம். அதற்குள்ளிருந்து முதுகில் பையோடு ஒரு பெண் வந்து எங்கள் முன்னால் நின்றாள். மெலிந்து, கறுத்து, ஷூவெல்லாம் சேறு. சாந்தா பாதிப் பின்னலோடு பாய்ந்து தொற்றிக்கொண்டாள். நான் சீப்போடு உட்கார்ந்தே இருந்தேன்.

அம்மா பையை இறக்கிவைத்தாள். "குடு, நான் பின்னிவிடுறேன்."

"வேணாம். நானே பண்ணிக்கிறேன். இத்தனை நாளும் நான்தான் பண்ணேன்."

நான் சாந்தாவை இழுத்து உட்கார வைத்துப் பின்னி முடிக்கிற வரைக்கும் அம்மா பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். முடித்ததும், ஒரு படி கீழே இறங்கி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "அப்ப எனக்கு வாரிவிடு" என்றாள்.

கொண்டையை அவிழ்த்தேன். ஈரமும் விறகுப்புகையும் கலந்த வாசனை. சிக்கு எடுக்க வெகுநேரம் ஆனது. அதற்குமுன் என் அம்மாவின் தலையை நான் தொட்டதே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. காதோரம் நாலு நரைமுடி இருந்தது. எப்போது என் கை மெதுவாக வார ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"ஏம்மா வந்த?" என்று கேட்டேன்.

"வயிறு நெறைஞ்சா போதும்னு தெரியும்ல. அந்த மாதிரி, போதும்னு பட்டுச்சு" என்றாள். பிறகு, "நீ வேலிப்பக்கம் வந்து நின்னதப் பாத்தேன்டி" என்றாள்.

அப்பா மண்ணெண்ணெய் டின்னோடு வந்தவர், தெருவிலேயே நின்றுவிட்டார். அம்மா எழுந்திருக்கப் போனாள். "இருக்கட்டும், இருக்கட்டும். அவ வாரி முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தார். அன்றைக்குச் சோறு குழையவில்லை.

காசிக்கு நாங்கள் போகவில்லை. மிச்சமிருந்த மாதங்களும் அந்த மலையிலேயே போயின. ஜனவரியில் நாலு பேருமாக மலையின் மேற்கே உள்ள போளூர் வரைக்கும் மூன்றுநாள் நடந்தோம். புல்வெளியெங்கும் உறைபனி, விடிந்ததும் மலை முழுக்கப் புகை விட்டது. வழி கேட்டு முன்னால் போனவள் அம்மாதான். மே மாதம் மதுரைக்குத் திரும்பினோம். எனக்கு ஒரு வகுப்பு பின்தங்கிப் போயிற்று. அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி அறை கிடைக்கவில்லை. ஆனால் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அம்மா மொட்டைமாடியில் இருப்பாள், யாரும் கூப்பிடக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. பெரியம்மா முணுமுணுத்தார். அந்த ஒரு மணி நேரம் அப்பா காப்பி போடுவார். முணுமுணுப்பும் அடங்கிப்போயிற்று.

இனி, கேட்டவர்களுக்கு. பழனியிலிருந்து அந்தப் பழைய பாதையில் இன்று நினைத்தபடி ஏற முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை கட்டாயம். இப்போது பஸ் போகிறது. ஆனால் முடிந்தால் பேத்துப்பாறையிலிருந்து வில்பட்டி வரைக்குமாவது நடந்து பாருங்கள். ஜூன், ஜூலையில் அட்டைக்கு உப்பு முடிந்த துணி, குளிருக்குக் காதுமூடும் குல்லாய் இரண்டும் வேண்டும். மேகம் பார்க்க அதுதான் நல்ல மாதம். தூரம் பார்க்க ஜனவரி. குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் வருஷத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். நாங்கள் போனது பூத்து முடிந்து மூன்று வருஷம் கழித்து.

ஆசிரமத்தில் தங்குவதானால், யார் அதிகம் ஆசைப்பட்டார்களோ அவருக்குத்தான் அது பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உடன் வருகிறவரையும் புறப்படும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திரும்புவதற்கான டிக்கெட்டை மட்டும் எல்லோருக்கும் ஒரே தேதியில் எடுத்து வைக்க வேண்டாம். உங்களில் யாராவது ஒருவருக்கு இன்னும் கொஞ்சநாள் தேவைப்படலாம்.